தசையும் கொழுப்பும் அளக்கும் முறைகள்

நம் தஞ்சை நாட்டுக் களங்களில் நெல்லைத் தூற்றாமல் அளப்பாரில்லை. தூற்றாது அளந்தாலும் மரக்கால் நிறையும். மணி எவ்வளவு, பதர் எவ்வளவு என்பது விளங்காது. மனித சரீரத்தை நிறுக்கும் தராசும் அத்தகையதே.

புனா நகரத்து வைத்தியர் யாஜ்னிக் என்பாரும் லண்டன் மாநகரத்து யுட்கின் என்பாரும் 2004-ஆம் ஆண்டில் 'லான்ஸெட்' பத்திரிகையில் தம் உடல்களையே இதற்குச் சான்றாக வைத்தனர். உயரத்திற்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவர்க்கும் 22.3. ஆயினும் கொழுப்போ, யுட்கினிடம் நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவரிடம் 21.2 பங்கு! மெலிந்திருக்கிறோம் என்று நம்மில் பலர் கவலையற்றிருப்பது எத்துணைப் பிழையென அன்பர்கள் உணர்வார்களாக.

அவர்களை அளந்தது டெக்ஸா என்னும் கருவி. ஆற்றலில் வேறுபட்ட இருவகை எக்ஸ் கிரணங்களை உடலினூடே செலுத்தினால், எலும்பும் கொழுப்பும் ஏனையவும் அவற்றை வெவ்வேறு அளவில் தடுக்கும்; அவ்வேற்றுமையைக் கொண்டு ஒவ்வொன்றின் நிறையையும் கணிப்பர். கிரணத்தின் அளவு மிகச் சிறிது. நேரமும் சில நிமிஷங்களே. ஆனால் கொழுப்பும் எலும்பும் அல்லாத யாவும் ஒரே கணக்கில் சேரும். ஆதலால் நோயினால் கால் வீங்கியவனுடைய நீரும் தசையோடு எண்ணப்படும்! படமும் தட்டையானது. தோலின் கீழுள்ள கொழுப்பையும் குடலைச் சூழ்ந்த கொழுப்பையும் அதில் நேரே பிரித்துக் காண இயலாது, கணக்கினால் ஊகிக்கலாம். பின்னதே அதிகத் தீங்கு செய்வதாகையால் இக்குறை சிறிதன்று.

ஸி. டி. படமோ வயிற்றைக் குறுக்கே அரிந்தாற்போற் காட்டும். நீரைப் பூஜ்யமாகக் கொண்ட அளவில் கொழுப்பு பூஜ்யத்திற்குக் கீழும், நல்ல தசை அதற்கு மேலும் நிற்கும். கொழுப்பேறிய தசையின் எண் தாழும். சென்னையில் நீரிழிவுடையார் 82 பேரையும் இல்லாதார் 82 பேரையும் ஸி. டி., டெக்ஸா இரண்டினாலும் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீரிழிவுடையாரிடம் உட்கொழுப்பு மிகுந்திருக்கக் கண்டனர். எனினும் இதில் கிரணம் அதிகம். கொழுப்பை அறிவதற்கென்றே பலமுறை எடுத்தல் தகாது. புற்றுநோய் முதலியவற்றிற்காக முன்னரே எடுத்த படமிருப்பின், மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் தசையை அளந்துகொள்வதே விவேகமென்பது என் கருத்து.

எம். ஆர். ஐ. காந்தத்தின் துணையால் நீரையும் கொழுப்பையும் பிரித்துணரும். எக்ஸ் கிரணமே வேண்டுவதில்லை. நுட்பத்தில் இதனை மிஞ்சுவது அரிது, செலவிலும் அங்ஙனமே.

ஒலியலைக் கருவியைக் கிராமத்திற்கே எடுத்துச் சென்று, முதியோரின் தொடைத்தசை எவ்வளவு தடித்துள்ளதென்று கட்டிலருகிலேயே பார்க்கலாம். ஆனால் கருவியைச் சற்றே அழுத்தினும் தசை நசுங்கும். பழகாதவர் கையில் ஒரே தொடை காலையில் தடித்தும் மாலையில் மெலிந்தும் தோன்றும்.