இட்லித் தட்டில் ஒரு கார்புரேட்டர்

பழைய வண்டி, புதிய சாலை – 11

சென்ற வாரம் டேங்கில் துரு எடுத்து முடித்தோம். டேங்க் பளிச்சென்று ஆகிவிட்டது, இனி உதைத்தவுடன் வண்டி எழுந்துவிடும் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வருடக்கணக்கில் நின்றுபோன வண்டியில், அந்தத் துருவும் கெட்டுப்போன பெட்ரோலும் டேங்கோடு நின்றுவிடுவதில்லை. பெட்ரோல் காக் வழியாக இறங்கி கார்புரேட்டரில் குடியேறிவிடுகின்றன. பெட்ரோல் மெல்ல ஆவியாகிப் போக, மிஞ்சுவது பிசின். அது முதலில் அடைப்பது, இருப்பதிலேயே சிறிய துளையான பைலட் ஜெட்டை. "சோக் போட்டால் ஓடுது, எடுத்தால் நின்னுடுது" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில் பலரும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். பழைய புல்லட்டோ ராஜ்தூத்தோ ஆர்.எக்ஸ். 100-ஓ வைத்திருக்கிற எல்லோருக்கும் ஷெட் இருப்பதில்லை. வீடு மூன்றாவது மாடியில், வண்டி தெருவில். பொது பார்க்கிங்கில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தால் அசோசியேஷனிலிருந்து கடிதம் வரும். மெக்கானிக்கிடம் போனால், "பழசைத் தூக்கிப் போடுங்க சார், புதுசு மாட்டிடலாம்" என்பார். அவர் சொல்லும் புதுசு பல நேரம் எண் மட்டும் ஒத்துப்போகிற மலிவான நகல். துளை அளவும் ஸ்லைடு பொருத்தமும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கார்புரேட்டரில் திரும்பக் கிடைக்காதது அதன் பாடி ஒன்றுதான். ஜெட், நீடில் வால்வு, பேக்கிங், ஓ-ரிங் எல்லாம் மாற்றக்கூடியவை. அசல் பாடியைக் காப்பாற்ற ஷெட் தேவையில்லை. நல்ல வெளிச்சம், சுத்தமான ஒரு மேசை, அவசரப்படாத கை, இவை போதும். மோட்டார் சைக்கிளில் வீட்டு மேசையில் வைத்துப் பிரித்துக் கோக்கக்கூடிய முக்கியமான உறுப்பு இது.

எதைப் பிரிக்கப்போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்வோம். காற்று ஒரு குறுகலான வழியில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுத்துத் தூவுகிறது. ஹங்கேரியின் பாங்கியும் சோங்காவும், ஜெர்மனியின் மேபாக்கும் 1893-ஐ ஒட்டி உருவாக்கிய தூவல் முறையின் அடிப்படை இதுதான். இங்கிலாந்தில் 1927-ல் மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் சேர்ந்து ஆமல் ஆனது. அதன் மோனோப்ளாக் 1955-லும் கான்சென்ட்ரிக் 1967-லும் வந்தன. ஜப்பானின் மிகுனியும் ஆமலிடம் உரிமம் பெற்றுக் கார்புரேட்டர் செய்தது. நம் திருவொற்றியூர் புல்லட் 350-ல் பல ஆண்டுகள் வந்த மிக்கார்ப் வி.எம். 24, அந்த மிகுனி வி.எம். வடிவத்தைச் சேர்ந்தது. 24 என்பது மில்லிமீட்டரில் அதன் வாயளவு.

ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு திருகுகிறோமோ அதற்கேற்ப உள்ளே பொறுப்பு கைமாறும். முதல் எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் திறப்பு வரை ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சாய்வு. காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். இது மனதில் இருந்தால் வண்டி எங்கே தடுமாறுகிறது என்பதை வைத்தே எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஐடிலில் நிற்காத வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது வீண் செலவு.

இனி வேலைக்கு வருவோம். முதல் பாதி கீழே, வண்டி நிற்கும் இடத்தில். பெட்ரோல் காக்கை மூடுங்கள். குழாயைக் கழற்றுங்கள். மேல் மூடியைத் திருகி ஸ்லைடையும் நீடிலையும் கேபிளோடு வெளியே இழுத்து, துணியில் சுற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை எடுத்தால் பாடி கைக்கு வந்துவிடும். இஞ்சின் வாயில் சுத்தமான துணியைச் செருகுவதை மறக்க வேண்டாம். தெருவில் பறக்கும் ஒரு மணல் துகள் சிலிண்டருக்குள் போனால் போதும். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் முழுவதையும் அங்கேயே, திறந்த வெளியிலேயே வடித்துவிடுங்கள்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு இதில் சமரசமே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய் அடுத்த அறையில் எரியும் அடுப்பையோ பூஜை விளக்கையோ தொடும். உறையும் குளிரிலும்கூடப் பற்றிக்கொள்ளும் அளவு ஆவியை அது கக்கிக்கொண்டே இருக்கும். அதனால் பெட்ரோலும் ஸ்ப்ரே கிளீனரும் படும் வேலை எல்லாம் மொட்டை மாடியில். காய்ந்த உறுப்புகள் மட்டுமே வீட்டுக்குள் வரலாம். கழிவுப் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வருகிற குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். மூடியுள்ள உலோக டப்பாவில் சேர்த்து, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

மேசை எப்படி இருக்க வேண்டும்? விளிம்பு உயர்ந்த தாம்பாளம் ஒன்று, அதன் மேல் பழைய வெள்ளை வேட்டித் துண்டு. துள்ளி விழும் ஸ்ப்ரிங் தாம்பாளத்தைத் தாண்டாது, வெள்ளைத் துணியில் கண்ணுக்குத் தப்பாது. பக்கத்தில், துளையில்லாத பழைய இட்லித் தட்டு. பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் அதன் ஸ்ப்ரிங்கும் ஒரு குழியில். மெயின் ஜெட், நீடில் ஜெட் இன்னொன்றில். ஃப்ளோட், அதன் பின், நீடில் வால்வு அடுத்ததில். எந்த வரிசையில் கழன்றதோ அந்த வரிசையிலேயே இருக்கட்டும். பாதியில் வேலையை நிறுத்திவிட்டு அடுத்த ஞாயிறு தொடர்ந்தாலும் தடுமாற்றம் வராது. இப்படி ஒருமுறை பயன்பட்ட தட்டு மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் ஒரு காரியம். மெதுவாக உள்ளே திருகி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஜெட்டுகளின் எண்களையும் நீடிலின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வடிவக் கார்புரேட்டர்களின் ஸ்க்ரூத் தலை பார்வைக்கு வழக்கமான நட்சத்திரத் தலை போலவே இருக்கும். ஆனால் ஜே.ஐ.எஸ். அளவு சற்று வேறு. பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர் முழுதாக இறங்காமல் நழுவித் தலையைத் தின்றுவிடும். அசையாத ஸ்க்ரூவுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு பாடியின் மேல் வெந்நீர் ஊற்றித் திருகிப் பாருங்கள். பித்தளை ஜெட்டுக்கு, அதன் பள்ளத்தின் முழு அகலத்தையும் நிரப்பும் தட்டை ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். குறுகலானது ஜெட்டின் தலையைப் பிளந்துவிடும்.

இப்போது பைலட் ஜெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. நல்ல ஜெட்டில் கூர்மையான ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அடைத்த ஜெட்டில் ஒன்றுமே தெரியாது. அரைகுறையாக அடைத்ததில் புள்ளி பிறை வடிவமாகத் தெரியும். இந்தப் பிறைதான் ஏமாற்றும். ஊதினால் காற்று போகும், வண்டியும் ஓடும், ஆனால் ஐடில் நிற்காது. ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். அப்போதும் போகவில்லை என்றால், வயரை உரித்து அதில் ஒரே ஒரு செப்பு இழையை எடுத்து நுழையுங்கள். செம்பு பித்தளையைவிட மென்மையானது, துளையைக் கீறாது. ஊக்கும் ஊசியும் கிளட்ச் கேபிளின் இரும்பு இழையும் துளையைப் பெரிதாக்கிவிடும். பெரிதான ஜெட்டில் எண் அதேதான் இருக்கும், அளவு வேறாகிவிடும்.

பாடியின் உள்வழிகளுக்கு மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சும் சிறு ரப்பர் குழாயும் நல்ல துணை. ஒவ்வொரு துளையிலும் திரவத்தைச் செலுத்தி, அது எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். பைலட் வழியில் செலுத்தியது, ஸ்லைடு உட்காரும் இடத்துக்கு அருகே உள்ள நுண்துளைகளில் மெல்லிய தாரையாக வர வேண்டும். ஊசிமுனை போன்ற அந்தத் துளைகளைத் தேடிப் பார்த்து உறுதி செய்யாமல் கோத்தால், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எதிர்த் துளையிலிருந்து ஸ்ப்ரே நேராக முகத்துக்கு வரும்.

பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்த்த பழக்கத்தில், பாடியையும் புளித் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைப்பவர்கள் உண்டு. கழிவறை ஆசிட் ஊற்றுபவர்களும் உண்டு. ஆமல் போன்ற பழைய பாடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அமிலம் துருவை மட்டும் தின்றுவிட்டுப் போகாது, பாடியையும் தின்னும். நகைப் பட்டறைகளில் இருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி இதற்கு மிக நல்ல வழி. வாகன ஒர்க்‌ஷாப்புகள் சிலவற்றிலும் காசுக்குச் செய்து தருகிறார்கள். அதில் தண்ணீரும் அதற்கான சோப்புக் கரைசலும்தான் ஊற்ற வேண்டும், பெட்ரோல் கூடவே கூடாது.

அடுத்து நீடில் வால்வு. அதன் நுனியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தால் மாற்றுங்கள். ஓவர்ஃப்ளோவுக்கு முதல் காரணம் அதுதான். புதியதைப் போட்டபின் பாடியைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் சிரிஞ்சை மாட்டி அழுத்துங்கள். அழுத்தம் நின்றால் வால்வு மூடுகிறது. அதே நிலையில், பேக்கிங் இல்லாமல், ஃப்ளோட்டைத் தாங்கும் கை பாடியின் விளிம்புக்கு இணையாக நிற்கிறதா என்றும் பாருங்கள். வி.எம். வகையில் பல மாடல்களுக்கு இதுவே அளவு. மட்டம் உயர்ந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்தால் வேகத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போதாது.

ரப்பர் விஷயத்தில் இன்றைய பெட்ரோலை மறக்க முடியாது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். கிண்ணத்தில் வெள்ளைப் பொடியும் ஜெட்டில் பச்சையும் பூப்பதற்கு அந்த ஈரம் ஒரு காரணம். ஓ-ரிங் வாங்கும்போது வைட்டான் வகையைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் பொறுமையாக விசாரித்தால் கிடைக்கும். கிட்டில் வரும் புதிய ஜெட்டைப் பழையதோடு வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடாமல் மாட்ட வேண்டாம். அசல் ஜெட் கெடவில்லை என்றால் அதுவே மேல்.

இஞ்சினோடு சேரும் முகம் வளைந்திருந்தால் காற்று புகும். நட்டை அழுத்தி அழுத்தி முறுக்கியதால் வந்த வளைவு அது. கண்ணாடிப் பலகை மேல் எமரித் தாளை விரித்து, அந்த முகத்தை எட்டு வடிவில் மெல்லத் தேயுங்கள். முகம் முழுதும் ஒரே மாதிரி மின்னினால் சமமாகிவிட்டது. திரும்ப மாட்டும்போது இரண்டு நட்டையும் மாறி மாறி, அளவாக இறுக்குங்கள். ஸ்லைடின் வெட்டுச்சாய்வு ஏர் ஃபில்ட்டரைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் திருகி விட்டால் "டக்" என்று விழ வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் சோதியுங்கள். ஒட்டிக்கொள்ளும் ஸ்லைடோடு சாலைக்குப் போவது உயிருக்கு ஆபத்து.

வீட்டில் செய்ய முடியாததும் ஒன்று உண்டு. ஸ்லைடை உள்ளே வைத்து ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து கடகடவென்று ஆடினால், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் ஐடில் நிலைக்காது. ஸ்லைடு ஓடும் துளையை லேத்தில் கடைந்து, ஸ்லைடுக்குப் பித்தளை உறை போட வேண்டும். இது கைதேர்ந்த லேத்காரரின் வேலை. அவரிடம் பாடியையும் ஸ்லைடையும் மட்டும் கொண்டுபோனால் போதும், வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை.

கடைசியாக ட்யூனிங். வி.எம். வகையில் ஏர் ஸ்க்ரூவை முழுதாக மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடில் அதிகமாக உயரும் இடத்தைத் தேடி நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறம் சரி. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. நடுத்திறப்பில் குறைவு தெரிந்தால் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததோடு புதிய வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இன்று ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகும் இளைஞருக்குக் கார்புரேட்டரைப் பிரிக்கும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறைகிறது. அந்தக் கைப்பழக்கம் வண்டி வைத்திருப்பவரிடமாவது தங்க வேண்டும். குறித்துவைத்த ஜெட் எண்கள், கிளிப் பள்ளம், ஏர் ஸ்க்ரூ சுற்று மூன்றையும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். நாளை அந்த வண்டி யார் கைக்குப் போனாலும் அந்தத் தாள் உதவும்.

இவ்வளவும் செய்த பிறகும் வண்டி இருமினால் கார்புரேட்டரை மறுபடி பிரிக்காதீர்கள். குற்றவாளி அநேகமாகக் கான்டாக்ட் பாயின்ட். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)