சிங்க் அடியில் ஒரு கெமிஸ்ட்ரி லேப்

ஹோட்டல் கிச்சன்ல ஆபத்தான பொருள் எதுன்னு கேட்டா கேஸ் சிலிண்டர், கொதிக்கிற எண்ணெய், கத்தின்னு அடுக்குவோம். சிங்க் அடியில வரிசையா நிக்கிற பாட்டில்கள் யாருக்கும் ஞாபகம் வராது. பிளீச், ஆசிட், அடைப்பு எடுக்கிற காஸ்டிக் சோடா, பிசுக்கு எடுக்கிற டீகிரீசர் எல்லாம் அங்கேதான் இருக்கும். இவை இல்லாம கிச்சன் சுத்தமாகாது. ஆனா எதை எது பக்கத்துல வைக்கிறோம், எந்த டப்பாவுல வைக்கிறோம் என்பதில்தான் உயிரே இருக்கு. நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்க.

முதலாவது, 2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பர்லிங்டன் என்ற ஊரில் நடந்தது. ஒரு உணவகத்தின் கிச்சன் தரையில் ஆசிட் வகை கிளீனர் கொட்டியிருந்தது. பிறகு இன்னொரு ஊழியர் அதே தரையைச் சுத்தம் செய்ய பிளீச் வகை கிளீனரைப் பயன்படுத்தினார். தரை பச்சையாகி நுரைத்தது. அதை வெளியே தள்ளிவிடப் போன மேனேஜர் அந்த வாயுவைச் சுவாசித்து இறந்துபோனார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள்.

நடந்தது பிளஸ் டூ கெமிஸ்ட்ரிதான். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதோட ஆசிட் சேர்ந்தா குளோரின் வாயு வெளியே வரும். 1915-ல் ஈப்பர் போர்முனையில் ஆயுதமாப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு! மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் இருக்கிற ஈரத்தோட சேர்ந்து, அங்கேயே ஆசிடா மாறி அரிக்கும். நம்ம ஊர் பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிடும் சேர்ந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம். தீப்பிடிச்சா குனிஞ்சு போகணும்னு ஃபயர் டிரில்ல சொல்லித் தந்திருப்பாங்க. குளோரினுக்கு அது பொருந்தாது. காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானதால் அது தரையோடு தங்கும். அதனால நிமிர்ந்தபடியே உடனே வெளியே போகணும். துடைக்கிறேன்னு நிக்கக் கூடாது.

இரண்டாவது சம்பவம் 2014-ல், யூட்டா மாநிலத்தில். ஒரு உணவகத்தில் காஸ்டிக் சோடா கலந்த கிளீனிங் பவுடர் சர்க்கரையோடு கலந்துவிட்டது. அந்தச் சர்க்கரை ஐஸ் டீயில் போனது. அதைக் குடித்த ஒரு பெண்ணுக்கு ஒரே மடக்கில் வாயும் உணவுக்குழாயும் வெந்துபோயின. நல்லவேளை, உயிர் பிழைத்தார். இரண்டுமே வெள்ளைத் தூள். கண்ணால பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

தடுக்கிற வழிகள் ரொம்ப எளிது.

ஆசிடும் பிளீச்சும் ஒரே ரேக்கில் இருக்கக் கூடாது. மேல் தட்டு, கீழ் தட்டு என்பதும் பிரிவு ஆகாது. மேலே ஒழுகினால் கீழேதான் வரும். தனித்தனி இடம், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் டிரே.

வெப்பமும் வெளிச்சமும் பட்டால் பிளீச் சிதையும். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது. ஈரம் பட்டா அலுமினியத்தை அரிச்சு, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

வாட்டர் பாட்டில், ஊறுகாய் டப்பா, சர்க்கரை டின் எதிலும் கெமிக்கலை மாற்றி ஊற்றக் கூடாது. கிளீனிங் கெமிக்கல்களை உணவுப் பொருட்களிலிருந்து விலக்கி, அடையாளம் தெளிவாத் தெரிகிற டப்பாவில் வைக்கணும்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் 2011, நான்காவது அட்டவணை சொல்லுது.

அந்த "அடையாளம்" யாருக்குத் தெளிவா இருக்கணும் என்பதுதான் முக்கியமான கேள்வி. ராத்திரி கடை மூடின பிறகு தரையைக் கழுவுறவர் முதலாளி இல்ல. பெரும்பாலும் சம்பளம் குறைவா வாங்குறவர். வேற மாநிலத்திலிருந்து வந்தவராக்கூட இருக்கலாம். லேபிள் இங்கிலீஷில் மட்டும் இருந்தா, அவரைப் பொறுத்தவரை அது லேபிளே இல்லாத பாட்டில். அவர் படிக்கிற மொழியில் எழுதணும். படிக்கத் தெரியாதவருக்கு ஆசிடுக்குச் சிவப்பு டேப், பிளீச்சுக்கு நீல டேப்னு நிறத்தால் பிரிச்சுக் காட்டணும். இதுக்கு ஆகிற செலவு இரண்டு ரோல் டேப்.

அடுத்த மாசம் மெஸ் கமிட்டி மீட்டிங்கில் சாம்பார் தண்ணியா இருக்குன்னு பேசி முடிச்சதும், இதையும் ஒரு பாயிண்டா எழுப்புங்க. நமக்குச் சமைச்சுப் போட்டு, நம்ம தட்டைக் கழுவுறவங்க மூச்சு விடுற இடம் அது.