பைக்கால் ஏரி: பனிக்கட்டிக்கு அடியில் ஒரு வசந்த காலம்... அதற்கு இப்போது என்ன ஆபத்து?

ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கிறது பைக்கால் ஏரி. ஜனவரியில் உறைந்தால் மே மாதம் வரை பனிக்கட்டிதான். தடிமன் சுமார் ஒரு மீட்டர். அதன் மேல் காரே ஓட்டலாம்! 'இதுக்குக் கீழே என்ன உயிர் இருந்துடப் போகுது?' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால், விஷயமே வேறு. அந்த ஏரியின் மொத்த உணவுச் சங்கிலிக்கும் அடித்தளமான நுண்பாசிகள், பனிக்கட்டிக்கு அடியில்தான் கொண்டாட்டமாகப் பெருகுகின்றன. அந்தப் பனிக்காலம் சுருங்கிக்கொண்டே வருவதுதான் இப்போதைய கவலை.

ஏரி ஏன் அடிவரை உறைவதில்லை?

பைக்கால் உலகிலேயே மிக ஆழமான ஏரி. ஆழம் 1,642 மீட்டர். உலகில் உறையாமல் இருக்கும் நன்னீர் ஏரிகள், ஆறுகளின் நீரில் சுமார் 20 சதவிகிதம் இங்கேதான் இருக்கிறது.

தண்ணீருக்கு ஒரு வினோத குணம் உண்டு. 4 டிகிரி செல்சியஸில்தான் அது அதிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் மேற்பரப்பு மட்டும் உறையும். அந்தப் பனிக்கட்டியே ஒரு போர்வை மாதிரி, கீழே இருக்கும் நீரை உறையவிடாமல் காக்கும்.

இருட்டில் பாசி எப்படி வளரும்?

உண்மையில் அங்கே அவ்வளவு இருட்டு இல்லை. பொதுவாக வெளிச்சத்தை மறைப்பது பனிக்கட்டி அல்ல, அதன் மேல் குவியும் வெண்பனிதான். பைக்காலில் அடிக்கும் பலத்த காற்று, பல இடங்களில் அந்த வெண்பனியைத் துடைத்துத் தள்ளிவிடுகிறது. மிச்சம் இருப்பது கண்ணாடி போன்ற பனிக்கட்டி. அதன் வழியே சூரிய ஒளி உள்ளே இறங்குகிறது.

இங்கே முக்கியமான ஆள் 'ஆலகோசைரா பைக்காலென்சிஸ்'. டயாட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசி வகையைச் சேர்ந்தது. கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் வாழும். பல செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நூல் போல நீளும். குளிர்ந்த நீர்தான் இதற்குப் பிடிக்கும்.

ஆனால், சிலிக்கா ஓடு கனமானது. நீர் அசையாமல் இருந்தால் பாசி மெல்ல மெல்ல இருட்டுக்குள் மூழ்கிவிடும். வெளிச்சம் இல்லாவிட்டால் ஒளிச்சேர்க்கை இல்லை, கதை முடிந்தது. இங்கேதான் பனிக்கட்டி கைகொடுக்கிறது. அதன் வழியே வரும் வெயில், கீழே உள்ள மிகக் குளிர்ந்த நீரைக் கொஞ்சம் சூடாக்கும். 4 டிகிரிக்குக் கீழே நீர் சூடானால் கனமாகும் இல்லையா? அந்த நீர் கீழே இறங்க, கீழே இருக்கும் நீர் மேலே வரும். இந்த மெல்லிய சுழற்சியில் பாசிகளும் வெளிச்சத்திலேயே மிதந்துகொண்டிருக்கும்.

இதை யார் சாப்பிடுகிறார்கள்?

நுண்பாசிகளைத் தின்பது 'எபிஷுரா'. இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தமான இது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். எபிஷுராவை மீன்கள் தின்னும். மீன்களை 'நெர்ப்பா' தின்னும். நன்னீரில் மட்டுமே வாழும் ஒரே சீல் இனம் இந்த நெர்ப்பாதான். அது குட்டி போடுவதும் பனிக்கட்டி மேல்தான். ஆக, பனிக்கட்டி போனால் சங்கிலியின் அடியிலும் அடி, உச்சியிலும் அடி.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது?

இர்குட்ஸ்க் விஞ்ஞானி மிகைல் கோஷோவ், 1945-ல் ஏரியின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் தொடர்ந்து நீர் மாதிரி எடுக்கத் தொடங்கினார். வெயிலோ பனியோ, வேலை நிற்கவில்லை. அவருக்குப் பின் மகள் ஓல்கா கோஷோவா, அடுத்து பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தியேவா என மூன்று தலைமுறை அதைத் தொடர்ந்தது.

அந்த 60 ஆண்டு தரவுகளை வைத்து, அமெரிக்க விஞ்ஞானி ஸ்டெஃபனி ஹாம்ப்டனும் ரஷ்ய விஞ்ஞானிகளும் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1946-க்குப் பிறகு ஏரியின் மேற்பரப்பு நீர் சராசரியாக 1.21 டிகிரி சூடாகியிருந்தது. வெதுவெதுப்பான நீரை விரும்பும், உலகின் பல ஏரிகளில் காணப்படும் நுண்விலங்குகள் அங்கேயும் அதிகரித்திருந்தன. 1869-ல் இருந்து இருக்கும் பதிவுகளோ, 20-ம் நூற்றாண்டின் இறுதிக்குள் பனி இல்லாத காலம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீண்டுவிட்டதைக் காட்டுகின்றன.

பைக்காலில் மட்டும்தானா?

இல்லை. 101 ஏரிகளின் தரவுகளைத் திரட்டி 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, குளிர்காலத்தில் பாசியின் அளவைக் காட்டும் குளோரோஃபில், சராசரியாகக் கோடைக்கால அளவில் 43 சதவிகிதம் இருப்பதாகச் சொன்னது. 'தூங்குகிற' ஏரிக்கு இது ரொம்பவே அதிகம்! ஆனாலும் ஏரி ஆய்வுகளில் பெரும்பாலானவை கோடையில்தான் நடந்தன. உறைந்த ஏரியில் வேலை பார்ப்பது கஷ்டம், ஆபத்தும்கூட. தவிர, 'அங்கே ஒண்ணும் நடக்காது' என்ற நினைப்பு வேறு.

அதன் விலை இப்போது தெரிகிறது. பல ஏரிகளில், பனிக்கு அடியில் என்ன வாழ்ந்தது என்ற பழைய கணக்கே கிடையாது. கணக்கு இல்லாத இடத்தில் எதை இழந்தோம் என்று சொல்லவும் முடியாது. பைக்காலில் அதைச் சொல்ல முடிகிறது என்றால், ஒரு குடும்பம் குளிர்காலத்திலும் லீவு போடாததுதான் காரணம்.