மலைப்பாதையில் மின் துவிச்சக்கரவண்டி

மனிதன் கண்ட ஊர்திகளுள் எளிமையாலும் சிக்கனத்தாலும் முதலிடம் பெறத்தக்கது துவிச்சக்கரவண்டியாகும். எரிபொருள் வேண்டாது, ஏறிச் செல்வோனது உடலுழைப்பு ஒன்றனையே கொண்டு அவனைத் தாங்கிச் செல்வது அது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சமவெளிகளில் உற்ற தோழனாக விளங்கும் இவ்வூர்தி, மலைநாட்டிலே பாதி வழியிற் கைவிட்டு, தன்னையும் தள்ளிச் செல்லுமாறு பணித்துவிடுகின்றது. லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளில் அது பெருவழக்குப் பெறாமைக்கு இதுவே தலையாய காரணமெனலாம்.

இக்குறையை மின்சாரத்தால் நீக்கலாம் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கரான ஒக்டன் போல்ற்றன் என்பார், பின்சக்கரத்தின் குடத்தினுள்ளே மின்மோட்டார் அமைந்த துவிச்சக்கரவண்டியொன்றுக்கு 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அக்காலத்து ஈயப் பற்றரிகளின் பாரம் அம்முயற்சிக்குத் தடையாயிற்று. 1991ஆம் ஆண்டில் லிதியம் அயன் பற்றரி விற்பனைக்கு வந்த பின்னரே அவ்வெண்ணம் நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் அற்றுப்போய், நிரப்பு நிலையங்களின் முன் மக்கள் நாட்கணக்கிற் காத்து நின்ற காலத்திலே துவிச்சக்கரவண்டியின் அருமையை நாடு மீண்டும் உணர்ந்தது. மோட்டார் பொருத்திய சக்கரம், கட்டுப்படுத்தி, விசைப்பிடி, பற்றரி என்பன அடங்கிய மலிவான தொகுதியொன்றை வாங்கிப் பழைய வண்டியிற் பூட்டிக்கொள்ளும் வழக்கமும் இன்று உண்டு.

இவ்வாறு மாற்றிய வண்டியைத் திருத்தி மேம்படுத்த விழைவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது கூடிய வேகத்தையே. மலைநாட்டிலோ இது தலைகீழான ஒழுங்காகும். எவ்வுறுப்புப் பழுதுற்றால் உயிருக்குக் கேடு விளையுமோ அதனை முதலிலும், எது பழுதுற்றால் வழியில் நிற்க நேருமோ அதனை அடுத்தும், எது குறைந்தால் வேகம் மாத்திரம் குறையுமோ அதனை இறுதியிலும் கவனித்தலே முறையாகும்.

இதனைத் தெளிதற்குச் சிறு கணக்கொன்று துணைபுரியும். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. லிந்துலை வழியாகச் செல்லும் பாதை இவ்விரண்டையும் இணைக்கின்றது. வண்டியும் ஏறிச் செல்வோனும் சேர்ந்து 100 கிலோகிராம் எனக் கொண்டால், 600 மீற்றர் உயரம் ஏறுவதற்கு ஏறத்தாழ 5,90,000 யூல் சக்தி வேண்டும். அஃதாவது 164 வாற்று மணி. மோட்டாரிலும் கம்பிகளிலும் வெப்பமாகி வீணாவதையும் சேர்த்தால், 36 வோல்ற்று, 10 அம்பியர் மணி கொண்ட சாதாரண பற்றரியின் 360 வாற்று மணியில் அரைப்பங்கிற்கு மேல் இவ்வேற்றத்துக்கே செலவாகிவிடும். மேலும், 100 மீற்றருக்கு 7 மீற்றர் உயரும் சரிவில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஏற 300 வாற்றுக்கு மேற்பட்ட வலு தேவை. 250 வாற்று மோட்டாரொன்று தனியே இதனைச் செய்ய முயலுமாயின் அதன் சுழற்சி மந்தமாகும். பெறும் மின்சாரத்தின் பெரும்பகுதி இயக்கமாகாது வெப்பமாகும். ஆகவே ஏற்றத்திற் காலால் மிதித்து மோட்டாருக்கு உதவுதலும், அது சுடுமாயின் நின்று ஆறவிடுதலும் செலவில்லாத முதற் பாதுகாப்புகளாம்.

ஏறும்போது பெற்ற சக்தி முழுவதும் இறங்கும்போது மீண்டு வருகின்றது. வேகம் மிகாது இறங்க வேண்டுமாயின் காற்றும் பாதையும் ஏற்றது போக எஞ்சியதனைப் பிறேக்குகளே வெப்பமாக ஏற்றல் வேண்டும். மேற்கூறிய 5,90,000 யூல் என்பது 20 பாகை வெப்பமுள்ள ஒன்றே முக்கால் லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. பழைய வண்டியின் தேய்ந்த இறப்பர்க் கட்டைகள், அதிலும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்த விளிம்பைப் பற்றும்போது, இப்பணிக்குப் போதா. எனவே கையிற் பணமுள்ளபோது முதலிற் செலவிடத்தக்கது பிறேக்கிலேயாம். இயலுமாயின் தட்டுப் பிறேக்கும், இயலாவிடின் புதிய கட்டைகளும் புதிய கம்பிகளும் இன்றியமையாதன. பிறேக்கைப் பிடித்தவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆளியையும் பொருத்துதல் வேண்டும்.

அடுத்து நோக்கற்பாலது சக்கரத்தின் அச்சு. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது, அச்சு எதிர்த்திசையிலே திரும்ப முயல்கின்றது. 40 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தை 10 மில்லிமீற்றர் அகலமுள்ள அச்சின் ஓரங்கள் தாங்கும்போது, அங்கே ஏறத்தாழ 400 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசை உண்டாகும். மென்மையான அலுமினியச் சட்டம் இதனால் நெகிழ்ந்து விரியலாம். அச்சு கழன்று கம்பிகளை அறுக்கலாம். முன்சக்கரமாயின் ஓடும்போதே கழன்றும் விழலாம். அச்சைப் பற்றி, அவ்விசையைச் சட்டத்தின் நீளத்துக்குப் பகிர்ந்து கொடுக்கும் உருக்குத் தாங்கியொன்றைப் பூட்டினால் இக்கேடு பெரிதும் நீங்கும். 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள தாங்கியின் முனையில் அதே முறுக்கம் 40 கிலோகிராம் பாரமாகவே குறைந்துவிடுகின்றமை காண்க. விலை சிறிது, பயன் பெரிது.

வழியில் வண்டி நின்றுபோதற்குப் பெரும்பாலும் காரணமாவன மோட்டாரும் பற்றரியுமல்ல. அவற்றை இணைக்கும் செருகிகளேயாம். 15 அம்பியர் ஓடும் சுற்றில் 0.1 ஓம் தடையுள்ள தளர்ந்த இணைப்பொன்று 22 வாற்றுக்கு மேற்பட்ட வெப்பத்தை அவ்விடத்திலே தோற்றுவிக்கும்; செருகி உருகுதற்கு அது போதும். ஆகவே தரமான செருகிகளும், தடித்த கம்பிகளும், பற்றரிக்கு அண்மையில் உருகியொன்றும் அமைத்தல் நன்று. கட்டுப்படுத்தியைப் பெட்டியுள் வைத்து, கம்பிகள் அதன் அடிப்புறத்தால் நுழையுமாறும், நுழையுமுன் ஒருமுறை கீழ்நோக்கி வளையுமாறும் அமைப்பின், மழைநீர் வளைவிலே சொட்டிப்போகும், உள்ளே புகாது.

பற்றரியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். அதன் கலங்கள் ஒவ்வொன்றும் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறாமலும் அளவுக்கு மிஞ்சி இறங்காமலும் காக்கும் மின்சுற்று அதனுள்ளே இருத்தல் வேண்டும். பத்துக் கலங்கள் தொடராக அமைந்த 36 வோல்ற்றுப் பற்றரிக்கு 42 வோல்ற்று மின்னேற்றியே உரியது. 48 வோல்ற்றுப் பற்றரிக்குரியதை இரவல் வாங்கி மாட்டுதல் பேராபத்தாகும். பழைய கணினிகளிலிருந்து கழற்றிய கலங்களை ஒட்டிச் செய்த மலிவுப் பற்றரிகளையும் தவிர்த்தல் வேண்டும். இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி பாரம் சற்றுக் கூடியதாயினும், வெப்பத்தைத் தாங்குவதிற் சிறந்தது.

களவைத் தடுத்தலும் தீயைத் தடுத்தலும் ஒன்றோடொன்று முரண்படுவது இவ்விடத்திலேயாம். பற்றரியே தொகுதியின் விலையுயர்ந்த உறுப்பு. அதன் பெட்டியிலுள்ள சிறு பூட்டை உடைத்தல் எளிது. ஆகையால் இரவிற் கழற்றி வீட்டினுள் வைப்பதே களவுக்கு மருந்து. ஆனால் லயன் அறையின் இயல்பு யாது? முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகளில் பலவற்றுக்குப் பின்வாயில் இல்லை. ஒரு கூரையின் கீழே பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஓர் அறையிற் பற்றிய தீ வரிசை முழுவதையும் அழித்த செய்திகள் மலையகத்துக்குப் புதியனவல்ல. பழுதுற்ற லிதியம் பற்றரியோ சில கணங்களிலே நச்சுப்புகையுடன் தீப்பற்ற வல்லது. வாயிலருகே மின்னேற்றத்தில் விட்டு உறங்கிய குடும்பத்துக்கு வெளியேற வழியில்லாது போகும்.

இம்முரணைத் தீர்க்கும் வழி காலத்தைப் பிரித்தலேயாம். மின்னேற்றுதலைப் பகலில், ஒருவர் விழித்திருக்கும்போது, இஸ்தோப்பின் சீமெந்துத் தரையிலே செய்க. நிறைந்ததும் மின்னேற்றியைக் கழற்றுக. இரவில் வாயிலுக்கும் உறங்குவோருக்கும் இடையே வையாது, விறகுக்கும் அடுப்புக்கும் தொலைவாக வைக்க. விழுந்து நசுங்கிய, வீங்கிய, காரணமின்றிச் சுடும் பற்றரியை வீட்டினுள் ஒருபோதும் கொண்டுவரலாகாது.

வண்டியைப் பொறுத்தமட்டில், சட்டத்தையும் மோட்டார்ச் சக்கரத்தையும் ஒருசேர அசையாத் தூணொன்றுடன் பிணைக்கும் கனத்த உருக்குப் பூட்டே தகுந்தது. மெல்லிய கம்பிப் பூட்டைச் சிறு வெட்டுக்குறடே அறுத்துவிடும். கண்ணிற் படாத இடத்தில் ஆளியொன்றை அமைத்தால், திருடியவன் ஏறிப் பறந்துவிட இயலாது. சட்டத்தின் இலக்கத்தையும் மோட்டார், பற்றரி ஆகியவற்றின் தொடர் இலக்கங்களையும் குறித்து, விலைச்சீட்டுடன் பேணி வைத்தல் பொலிஸ் முறைப்பாட்டுக்கு உதவும்.

பிறேக்கு, அச்சுத் தாங்கி, செருகிகள், நல்ல பற்றரி, பூட்டு என்னும் இவ்வொழுங்கிற் செலவிடுவோர் ஒரே நாளிற் பெரும்பணம் தேட வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒன்றாக நிறைவேற்றலாம். ஆனால் முதலிரண்டும் முடியுமுன் வண்டியை இறக்கத்தில் விடலாகாது. நல்ல பற்றரி வாங்குமளவும் ஐயத்துக்குரிய பழைய பற்றரியை வீட்டினுள் வைக்கலாகாது. மலிவான பொருள் என்பதனால் அது நம்பத்தகாதது என்று தள்ளிவிட வேண்டுவதில்லை. அதன் பலவீனம் எங்கேயுள்ளது என்பதை அறிந்து, அதனை முதலிலே திருத்துவோனுக்கு அது உண்மைத் துணையாகும். ஏற்றத்தைக் கடக்கும் ஆற்றலை மோட்டார் தரும். இறங்கி, நலமாக வீடு சேர்ந்து, அச்சமின்றி உறங்கும் நிலையை அறிவு ஒன்றே தரும்.