பீர்க்கங்கூடு

கொடிக்காய்களுள் பீர்க்கு மிக எளியது. வேலியிலும் கூரையிலும் பந்தலிலும் அது படர்ந்து, மஞ்சள் நிற மலர்களைத் தாங்கி நிற்பதைச் சிற்றூர்களில் காணலாம். அம்மலரின் நிறத்தைப் பிரிவால் வாடும் தலைவியின் பசலைக்கு உவமையாகக் கூறினர் சங்கச் சான்றோர். அதன் இளங்காய் கூட்டாகும், தோலும் துவையலாகும். முற்றிய காயோ உண்ணத் தகாதது. நாரோடிவிட்டது என்று அதனை ஒதுக்கிவிடுவர். அங்ஙனம் ஒதுக்கப்படும் நாரையே இன்று பல நாட்டு அறிவியலார் ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராய்கின்றனர்.

பீர்க்கு வகைகளுள் இரண்டு பெரிதும் பயிரிடப்படுகின்றன. ஒன்று, நீளவாட்டில் பத்து விளிம்புகளை உடைய பீர்க்கு. மற்றொன்று, விளிம்பின்றி வழவழப்பான தோலை உடைய நுரைப்பீர்க்கு. முன்னதன் மலர் மாலையில் விரியும். பின்னதன் மலர் விடியலில் விரியும். தாவர நூலார் இவ்வினத்தை ‘லூஃபா’ என வழங்குவர். இஃது அரபு மொழிச் சொல்லின் வழிவந்த பெயர். எகிப்து நாட்டில் இக்கொடியைக் கண்ட ஐரோப்பியத் தாவர நூலார் அந்நாட்டு வழக்கையே தம் நூல்களிலும் ஏற்றுக்கொண்டனர். இவ்விரு வகையிலும் நார் உண்டு. எனினும் நாருக்கென்று பயிரிடுவது பெரும்பாலும் நுரைப்பீர்க்கே ஆகும்.

இந்த நார்க்கூடு கொடிக்கு எற்றுக்கு? காய் வளரும்பொழுது அதற்கு வேண்டும் நீரையும் உணவையும் ஏந்திச் செல்லும் குழாய்களே இந்நார்கள். காய் முற்றுந்தோறும் அவை தடித்து, ஒன்றோடொன்று பின்னி, வலை போல உறுதி பெறுகின்றன. காய் கொடியிலேயே உலர்ந்ததும் சதை வற்றிவிடும். தோல் பழுப்பு நிறம் எய்தும். உள்ளே விதைகள் கலகலவென ஒலிக்கும். அப்போது காயின் நுனியிலுள்ள சிறு மூடி கழன்று விழ, அவ்வழியே விதைகள் நிலத்தில் சிதறும். பிறர் பயனற்றதெனத் தள்ளும் கூடு, கொடிக்கு அதன் வழித்தோன்றல்களைக் காத்து வெளியிடும் பேழையாகும்.

உலர்ந்த காயை நீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, விதைகளை உதறிக் கழுவி வெயிலில் காயவைத்தால் வெண்ணிறக் கூடு கிடைக்கும். அதன் புறத்தே நார்கள் வளையம்போலச் சுற்றி ஓடும். அகத்தே நெடுக்காக ஓடும். நடுவில் விதைகள் இருந்த மூன்று புழைகள் காணப்படும். நாரில் 100-க்கு ஏறத்தாழ 60 பங்கு செல்லுலோசு என்னும் பொருளே. கூட்டின் பருமனில் 100-க்கு 80 பங்குக்குக் குறையாமல் வெற்றிடமாகும். ஆதலின் ஒரு லிட்டர் பருமனுள்ள கூடு ஏறத்தாழ 20 முதல் 40 கிராம் எடையே இருக்கும்.

இத்துணை இலேசான பொருள் வலிமையற்றது என்று எண்ணுதல் இயல்பு. ஆயின், ஆஸ்திரேலிய நாட்டு ஆய்வாளர் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. கூட்டினை அழுத்தி நோக்கியபோது, அதன் உறுதியும் மோதலைத் தாங்கும் திறனும், அதே அடர்த்தியுடைய சில உலோக நுரைகளுக்கு ஒப்பாக இருந்தன. உலோக நுரையாவது, உலோகத்தினுள் எண்ணற்ற காற்றறைகளை உண்டாக்கிச் செய்வது. அதனைச் செய்ய உலையும் நெருப்பும் வேண்டும். பீர்க்கோ, மண்ணும் நீரும் கதிரொளியும் கொண்டே தன் கூட்டினை ஆக்கிக்கொள்கின்றது.

வெற்றிடம் மிகுதியாக இருப்பதே வேறொரு பயனுக்கும் காரணமாயிற்று. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர், கப்பல் எந்திரங்களில் எண்ணெயையும் நீரையும் வடிகட்டுவதற்கு ஜப்பானிலிருந்து அமெரிக்கா இக்கூடுகளை வாங்கிற்று. போர் மூண்டதும் அவ்வரவு நின்றது. தென்னமெரிக்க நாடுகளில் இதனைப் பயிரிடும் முயற்சி எழுந்தது. பின்னாளில், ஜப்பானிய ஆய்வாளர் 1994-இல் நுண்ணுயிர்கள் தங்கி வளர்வதற்கேற்ற இருப்பிடமாக இக்கூட்டினைப் பயன்படுத்திக் காட்டினர். பாகிஸ்தான் நாட்டு ஆய்வாளர், நுண்பாசியை இக்கூட்டில் வளர்த்து, நீரில் கரைந்துள்ள காட்மியத்தைப் பிரித்தெடுக்கலாம் என்பதை 2003-இல் நிறுவினர். ஆலைக்கழிவால் நீர்நிலைகள் கெடும் நாடுகளுக்கு இவ்வாய்வு சிறிய செய்தி அன்று.

பராகுவே நாட்டில் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. அங்கே காடுகள் பெரிதும் அழிந்தமையால் வீடு கட்ட மரம் அரிதாயிற்று. எல்சா சால்டிவார் என்னும் பெண்மணி, காகுவாசு வட்டாரத்து ஏழைப் பெண்களைப் பீர்க்குப் பயிரிட ஊக்கினார். அவர்கள் கூட்டினைக் கொண்டு தேய்க்கும் நார் முதலிய பொருள்களைச் செய்து விற்றனர். ஆயினும், தரங்குறைந்த கூடுகள் விலைபோகாமல் தங்கின. பெத்ரோ பத்ரோஸ் என்னும் பொறியாளரோடு கூடி, அக்கழிவு நாரையும் வேறு பயிர்க்கழிவையும் உருக்கிய பழைய பிளாஸ்டிக்கோடு கலந்து, சுவர்க்குரிய பலகைகள் செய்யும் முறையை அவர் கண்டார். அம்முயற்சிக்கு 2008-இல் ரோலெக்ஸ் பரிசு கிடைத்தது.

இந்நாருக்குக் குறைகளும் உள. இஃது ஈரத்தை எளிதில் உறிஞ்சும். ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடித்து மட்கும். இதன் மேற்பரப்பு, உடன் சேர்க்கும் பிசினோடு நன்கு ஒட்டுவதுமில்லை. அதனால் நாரைக் காரநீரில் ஊறவைத்துத் தூய்மை செய்கின்றனர். காரம் மிகுந்தால் நாரே வலிமை குன்றும். எனவே அளவறிந்து செய்தல் வேண்டும். மட்கும் இயல்பு கட்டடத்துக்குக் குறையாகும். பாத்திரம் தேய்க்கும் நாருக்கோ அதுவே நன்மையாகும். பிளாஸ்டிக் நார் தேய்ந்து துகளாகி மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் தங்குகின்றது. பீர்க்கநார் மண்ணோடு மண்ணாகிவிடுகின்றது.

முற்றிய பீர்க்கங்காய் சமையலுக்கு உதவாது என்பது உண்மையே. ஆயினும் எதற்கும் உதவாது என்று முடிவு கட்டியிருந்தால், வடிகட்டியும் இல்லை; பலகையும் இல்லை. ஒரு பொருள் எதற்கு ஆகாது என்பதோடு நில்லாமல், எதற்கு ஆகும் என்று வினவுவோரே அதன் பயனைக் காண்பர். அவ்வினாவை எழுப்புதற்கு உரிய இடம் ஆய்வுக்கூடம் மட்டும் அன்று. வீட்டு வேலியும் ஆகும்.