சுழலும் வட்டில் புள்ளி தப்பாமல் அச்சிடுவது எப்படி?

சிராங்கூன் சாலையில் பாட்டு சிடி வாங்கிய காலத்தை என் பெற்றோர் தலைமுறைதான் நன்றாக அறியும். பக்திப் பாடல், திரைப்பாடல், பட்டிமன்றம் என எல்லாமே 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த வட்டில் அடங்கின. வீட்டில் பதிவு செய்த சிடி என்றால் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவார்கள், அல்லது வட்டமாக வெட்டிய ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் சற்று விலகிவிட்டால் வட்டு ஒருபக்கம் கனத்து, வேகமாகச் சுழலும்போது அதிரும்.

இந்தத் தொல்லைக்கு எச்பி நிறுவனம் 2004ல் லைட்ஸ்கிரைப் என்ற தொழில்நுட்பத்தை அறிவித்தது. அமெரிக்காவின் கோர்வாலிஸ் நகரில் அந்நிறுவனத்தில் பணியாற்றிய டேரில் ஆண்டர்சன் என்ற பொறியாளரின் யோசனை அது. பாட்டைப் பதிவு செய்தபின் வட்டைக் கவிழ்த்துப் போட்டால் போதும். பாட்டை எழுதிய அதே லேசர், மேற்பக்கத்தில் பூசியுள்ள வேதிப்பொருளைச் சூடாக்கி நிறம் மாறச் செய்து படம் வரையும். யமஹா 2002லேயே, பதிவுப் பக்கத்தில் மிச்சமுள்ள இடத்தில் படம் வரையும் கருவியை விற்றது. சுழலும் வட்டின்மேல் மை தெளிக்கும் முறையையும் சிலர் முயன்றார்கள்.

சாதாரண அச்சுப்பொறியில் தாள் நேராக நகர்கிறது. எல்லா இடத்திலும் ஒரே வேகம். வட்டு சுழலும்போது அப்படியில்லை. உயர்நிலை வகுப்புக் கணிதத்தில் படிக்கும் சூத்திரம்தான் இங்கு வேலை செய்கிறது: வில்லின் நீளம் என்பது ஆரத்தை ரேடியன் கோணத்தால் பெருக்கினால் வருவது. மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் ஒரு சுற்றின் நீளம் 151 மில்லிமீட்டர். 58 மில்லிமீட்டரில் அது 364 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஒரே எண்ணிக்கையில் மைத்துளிகளை விட்டால், உள்வளையத்தில் மை 2.4 மடங்கு நெருக்கமாக விழுந்து கறுத்துப்போகும். வெளிவளையம் வெளிறிக் கிடக்கும். பூக்கோலம் போடுபவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. வளையம் பெரிதாகப் பெரிதாகப் பூவும் அதிகம் வேண்டும்.

சரி, வெளியே போகப்போக வட்டை மெதுவாகச் சுழற்றினால் என்ன? பாட்டு சிடி அப்படித்தான் இயங்குகிறது. உள்ளே நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றில் தொடங்கி, வெளியே 200 சுற்றுக்குக் குறைகிறது. பழைய இசைத்தட்டு மாறாத வேகத்தில் சுழலும். அதனால்தான் அதன் உள்வரிகளில் ஒலி சற்று மங்கும். ஹார்ட் டிஸ்க் வேறு வழியைப் பிடித்தது. வட்டின் வேகம் மாறாது, ஆனால் வெளிவளையங்களில் தரவுத் துண்டுகள் அதிகம். 1982ல் சீகேட் இங்கு வந்த பிறகு சிங்கப்பூர் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் உலகின் பெரிய மையங்களுள் ஒன்றானது. ஆகவே வட்டத்தைச் சமமாக நிரப்பும் இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதல்ல.

மை அச்சுக்கு ஹார்ட் டிஸ்க் வழியே நல்லது என்பது என் கருத்து. காரணம் எனக்கே வியப்பாக இருந்தது. மைத்துளி நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் 1.5 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், வட்டைத் தொட 0.25 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் அதற்குள் வட்டு 0.45 பாகை திரும்பிவிடும். ஆனால் வேகம் மாறாதவரை எல்லாத் துளியும் அதே 0.45 பாகைதான் தள்ளி விழும். முழுப் படமும் இம்மியளவு திரும்பியிருக்கும், அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது. வேகத்தை மாற்றிக்கொண்டே போனால் உள்ளே ஓர் அளவு, வெளியே ஓர் அளவு எனப் படம் முறுக்கிக்கொள்ளும். மோட்டார் தடுமாறினாலும் ஆபத்துதான். ஒரே ஒரு மில்லிநொடி பிசகினால் ஓரத்தில் துளி 1.8 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். இதற்காகத்தான் லைட்ஸ்கிரைப் வட்டின் நடுத்துளையைச் சுற்றிக் கோடுகள் அச்சிட்டிருந்தார்கள். வட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் கருவி அந்தக் கோடுகளைப் படித்துத் தெரிந்துகொள்ளும்.

அப்படியானால் வேகத்தை மாற்றாமல் உள்வளையத்தில் துளிகளைக் குறைக்க வேண்டும். எந்தத் துளியை விடுவது? இதைப் பார்க்க, ‘பக்திப் பாடல்கள்’ என்ற சொற்களை உள்வளையத்தில் வைத்துக் கணினியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். அங்குலத்துக்கு 150 துளி என்ற கணக்கில், வெளிவளையத்தில் ஏறத்தாழ 2,150 துளிகள். உள்ளே 890 போதும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரே கோணங்களில் துளியை விட்டால், மிதிவண்டிச் சக்கரத்துக் கம்பிகள் போல வெள்ளைக் கோடுகள் எழும்புகின்றன. குலுக்கல் முறையில் விட்டால் கம்பிகள் மறைகின்றன. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். குறுக்கே மூன்றே துளிகள். குலுக்கலில் துளி குறைந்தால் அது பிய்ந்துபோகிறது. ஆங்கில எழுத்தில் ‘ஐ’யின் தலைப்புள்ளி போனாலும் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் க் என்பது க ஆகிவிடும்.

நன்றாக வேலை செய்த முறை சில்லறைக் கணக்கு போன்றது. உள்வளையத்தில் கருமை வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் 41 காசைக் கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளி சேர்ந்ததும் ஒரு துளி விட்டு, மீதியை அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வெளியே போகப்போகக் காசு கூடி, கடைசி வளையத்தில் இடத்துக்கு ஒரு வெள்ளி என ஆகிவிடும். ஒவ்வொரு வளையத்தையும் கையில் வெவ்வேறு சில்லறையோடு தொடங்கினால் கம்பிக்கோடுகளும் வருவதில்லை. புள்ளிக்கு உரிய மை ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கிறது. அப்படியும் பெயரை வெளிவட்டத்திலும் படத்தை உள்ளேயும் வைப்பதே நல்லது.

சிடி மறைந்துவிட்டது, இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியில், மையத்தின் வழியே செல்லும் கோடுகளாகத் தரவு சேகரிக்கும் ஒரு முறை உண்டு. அங்கும் நடுவில் தகவல் நெருங்கிக் குவியும், ஓரத்தில் சிதறும். படம் உருவாக்கும் முன் ஒவ்வொரு தரவுக்கும் அது மையத்திலிருந்து இருக்கும் தூரத்துக்கேற்ப எடை கொடுக்கிறார்கள். உள்ளே குறைவு, வெளியே அதிகம்; அதே 41 காசும் ஒரு வெள்ளியும்தான்.