மூளைத்தண்டில் ஒட்டிய ‘குடல்’ கட்டி! குழந்தைக்கு திடீர் மாறுகண், புரை ஏறினால் உஷார்

நன்றாக ஓடி விளையாடிய குழந்தைக்கு திடீரென மாறுகண் வருகிறது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. நடை தள்ளாடுகிறது. ‘கண்ணு பட்டுடுச்சு’ என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சில நாளில் சரியாகி விட்டால் அதோடு மறந்தும் விடுகிறார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அதே தொல்லை!

இப்படி வந்து வந்து போகும் தொல்லைக்கு, மூளைத்தண்டை அழுத்தும் நீர்க்கட்டியும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் ஒரு வகை ‘நியூரென்டெரிக் சிஸ்ட்’. பெரும்பாலும் முதுகுத்தண்டு பகுதியில்தான் வரும். தலைக்குள் வருவது அபூர்வம், அதிலும் குழந்தைகளுக்கு ரொம்ப அபூர்வம்.

தாயின் வயிற்றில் கரு உருவாகும் 3-வது வாரத்திலேயே இதற்கு விதை விழுந்து விடுகிறது. குடலாகவும் மூச்சுக்குழாயாகவும் வளர வேண்டிய செல்கள், பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் நரம்பு மண்டலத்தோடு ஒட்டிக் கொள்கின்றன. போன இடத்திலும் அவை தங்கள் பழைய வேலையை விடுவதில்லை. சளி போன்ற திரவத்தைச் சுரந்து கொண்டே இருக்கும். பை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். தாய் சாப்பிட்டதாலோ, கிரகணத்தாலோ வருவதல்ல.

இது புற்றுநோய் அல்ல. ஆனால் இருக்கும் இடம்தான் வில்லங்கம். மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்குவது எல்லாவற்றுக்கும் சுவிட்ச் மூளைத்தண்டில்தான் இருக்கிறது.

எது கட்டி, எது புற்று?

தலையின் பின்பக்க எலும்பு தடிமனானது. அதனால் சி.டி. ஸ்கேனில் அந்தப் பகுதி தெளிவாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். மூளைத்தண்டுக்குள் பரவும் ஒரு வகை புற்றுக்கட்டியும் குழந்தைகளுக்கு வருகிறது. அதை வெட்டி எடுக்க முடியாது, பிழைப்பதும் மிகக் கடினம். அதனால் ‘மூளைத்தண்டில் கட்டி’ என்றதுமே நம்பிக்கை இழந்து விடுகிறார்கள். நீர்க்கட்டி என்றால் கதையே வேறு. காசநோய்க் கட்டி, நாடாப்புழு கட்டி என்றால் பெரும்பாலும் மருந்திலேயே கரைக்கப் பார்ப்பார்கள். எடுத்த திசுவை லேப்பில் சோதித்த பிறகுதான் பெயர் உறுதியாகும்.

மயிரிழை ஆபரேஷன்

பொதுவாக காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துச் செய்கிறார்கள். முகம், தொண்டைத் தசைகளில் மின் ஊசிகள் பொருத்தப்படும். நரம்பு சீண்டப்பட்டால் கருவி உடனே காட்டிக் கொடுத்து விடும். முதலில் திரவத்தை உறிஞ்சி பையைச் சுருக்குவார்கள். திரவம் வெளியே சிந்தினால் கிருமி இல்லாமலேயே மூளைக்காய்ச்சல் வரும் என்பதால், சுற்றிலும் பஞ்சு வைத்து மறைப்பார்கள். பிறகு தோலை உரிப்பது போல பையின் சுவரைப் பிரிப்பார்கள்.

சுவர் மூளைத்தண்டோடு ஒட்டிக் கிடந்தால் டாக்டர் அந்தத் துண்டை விட்டு விடுவார். ‘முழுசா எடுக்கலையே’ என்று பெற்றோர் கோபப்படுவதில் நியாயம் இருப்பது போலத் தெரியும். ஆனால் பிய்த்து எடுத்தால் குழந்தைக்கு மூச்சே நின்று போகலாம். மிச்சம் வைத்தால் கட்டி மறுபடி வளரவும் வாய்ப்பு உண்டு. அதனால் பல வருடங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். திரவத்தை மட்டும் உறிஞ்சி விட்டால் பை மறுபடியும் நிரம்பி விடும்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் பிள்ளை தண்ணீர் கேட்கும். பாவம் பார்த்து யாரும் ஒரு வாய் கூட ஊட்டக் கூடாது. விழுங்கும் நரம்பு சோர்ந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்து விடும். டாக்டர் சோதித்துச் சொல்லும் வரை மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம்.